வெள்ளைக்காரர் செய்த பிழைக்கு என் மகள் ஏன் பாடம் படிக்க வேண்டும்?

சட்டம் கேளுங்கள்: வாசகர் கேள்விகளுக்கு எட்மன்ரன் சட்டத்தரணி ஒருவர் தரும் பதில்கள்

சென்ற இதழில், கனடாவின் சில நீதிமன்றங்களில் பைபிளுக்குப் பதிலாகக் கழுகு இறகைப் பிடித்துச் சத்தியம் செய்யலாம் என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று ஆசிரியரும் எதிர்பார்க்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. வீட்டு வாடகை, விவாகரத்து, ஸ்பொன்சர் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டேன். இந்த முறை முழுக்கப் பூர்வகுடிகளும் சட்டத்தரணிகளும்தான். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். இரண்டொரு வசவையும் எடுத்துவிட்டேன்.

அக்கா, என் மகள் சட்டத்தரணியாகிக் கொஞ்சக் காலம்தான். பூர்வகுடிகளைப் பற்றிய ஐந்து மணிநேரப் பாடநெறி ஒன்றைத் தவணைக்குள் முடிக்காவிட்டால் தொழில் செய்யும் அனுமதியை நிறுத்திவைப்பார்களாம். நாங்கள் குண்டுக்குத் தப்பி வந்த சனம். அவர்களின் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனது நாங்களா? வெள்ளைக்காரர் செய்த பிழைக்கு என் மகள் ஏன் பாடம் படிக்க வேண்டும்?
ஒரு தாய், கல்கரி

உங்கள் மகளை யாரும் மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை அம்மா. தொழில் தெரிந்திருக்கச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்தப் பாடநெறியின் பெயர் ‘பாதை’. சட்டத்தரணிகளின் தொழிலை ஒழுங்குபடுத்தும் அல்பேர்ட்டா சட்டச் சங்கம் 2021 ஏப்ரலில் அதைத் தொடக்கி, எல்லாச் சட்டத்தரணிகளும் முடிப்பதற்கு 18 மாத அவகாசம் கொடுத்தது. நானும் செய்தேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, மேசையைத் துடைத்துவிட்டு, மடிக்கணினியை வைத்துக்கொண்டு பார்த்து முடித்தேன். பாடம் நன்றாக இருந்தது. கேள்விகள்தான் மிகவும் இலகு. கொஞ்சம் புத்தியுள்ளவர் வாசிக்காமலே சரியான விடையை அமுக்கிவிடலாம். சட்டம் படித்தவர்களுக்கு இந்த வித்தை நன்றாகத் தெரியும்.

இது எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து அடைத்து வைத்த வதிவிடப் பாடசாலைகளைப் பற்றி விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2015இல் 94 பரிந்துரைகளை வைத்தது. 27ஆவது சட்டத்தரணிகளுக்கு, 28ஆவது சட்டபீடங்களுக்கு. வதிவிடப் பாடசாலைகளின் வரலாறு, பூர்வகுடிகளோடு அரசு செய்த உடன்படிக்கைகள், பூர்வகுடிகளின் சொந்தச் சட்டங்கள், அரசுடனான அவர்களின் உறவு எல்லாவற்றையும் சட்டத்தரணிகள் கற்க வேண்டும் என்று அது சொன்னது. ஆணைக்குழுவின் தலைவர் மறி சின்கிளயர், மனிற்றோபாவின் முதல் பூர்வகுடி நீதிபதி. கறுப்பு அங்கி போட்டவர்களை உள்ளிருந்து அறிந்த மனிதர்.

ஏன் சட்டத்தரணிகளைப் பிடித்தார்? ஏறத்தாழ 150,000 பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்து அடைத்தது பாதிரிமாரும் பொலிஸும்தான் என்று நினைக்கிறோம். அதற்கு முன்னால் ஒருவர் மேசையில் இருந்து சட்டம் வரைந்திருக்கிறார். பூர்வகுடிகளை ‘இந்தியர்’ என்று குறித்த 1876ஆம் ஆண்டின் இந்தியர் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். பூர்வகுடியில் ஒருவர் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றால், டொக்டரானால், சட்டத்தரணியானால், அதோடு அவர் சட்டப்படி ‘இந்தியர்’ அல்ல. அந்தஸ்தும் போய்விடும். அந்த வரியைப் பின்னர் தளர்த்தினார்கள். 1920இல் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புவதைக் கட்டாயமாக்கினார்கள். 1927இல் இன்னொரு பிரிவு வந்தது. காணி உரிமை கோரி வழக்குப் போடுவதற்காகப் பூர்வகுடி மக்களிடம் காசு சேர்த்தால், அரசாங்கத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாவிட்டால், அது குற்றம். காசை வாங்கும் சட்டத்தரணியும் குற்றவாளி. 1951 வரை இந்தச் சட்டம் இருந்தது. காணியை எடுத்தது ஒரு பக்கம்; அதைக் கேட்டு நீதிமன்ற வாசலுக்குப் போகும் வழியையும் அடைத்துவிட்டார்கள்.

பழைய கதை என்பீர்கள். சரி, கிட்ட வருவோம். 1971இல் நோவா ஸ்கோசியாவில் டொனால்ட் மார்ஷல் என்ற மிக்மாக் இனப் பெடியன் 17 வயதில் கைதாகி, செய்யாத கொலைக்கு ஆயுள் தண்டனை பெற்றார். 11 வருடம் உள்ளே இருந்தார். 1983இல் விடுதலை செய்த மேன்முறையீட்டு நீதிமன்றம்கூட, பழியில் ஒரு பங்கை அவர் தலையிலேயே போட்டது. 1989ஆம் ஆண்டு அறிக்கையை எழுதிய அரச விசாரணை ஆணைக்குழு பொலிஸை மட்டும் குறை சொல்லவில்லை. அவருக்காக வாதாடிய சட்டத்தரணிகளும் அரசதரப்புச் சாட்சிகளைத் தாங்களாகப் போய் விசாரிக்கவில்லை, அரசிடம் இருந்த வாக்குமூலங்களைக் கேட்டு வாங்கவுமில்லை. அவர் பூர்வகுடி என்பதும் அந்த அநியாயத்துக்கு ஒரு காரணம் என்று ஆணைக்குழு தெளிவாக எழுதியது.

இன்னும் கிட்ட வாருங்கள், எங்கள் எட்மன்ரனுக்கே. 2015இல் பாலியல் வன்முறை வழக்கொன்றின் ஆரம்ப விசாரணை. பாதிக்கப்பட்டவர் கிறீ என்ற பூர்வகுடி இனத்தைச் சேர்ந்த, வீடில்லாத ஒரு பெண். சாட்சி சொல்லும்போது சோர்ந்து, தடுமாறினார். அடுத்த நாள் வராமல் விட்டுவிடுவாரோ என்று அவரை விளக்கமறியலில் வைத்தார்கள். ஐந்து இரவு. காலில் விலங்கோடு கொண்டுவந்து சாட்சி சொல்ல வைத்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவனையும் அவரையும் ஒரே சிறை வானில் ஏற்றியும் அனுப்பியிருக்கிறார்கள். நீதிபதி, அரச சட்டத்தரணி, எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எல்லோரும் படித்தவர்கள். 2017இல் செய்தி வெளிவந்தபோது மாகாண நீதி அமைச்சர் மன்னிப்புக் கேட்டார். அதைக் கேட்க அந்தப் பெண் உயிரோடு இல்லை; வேறொரு சம்பவத்தில் இறந்துவிட்டார்.

உங்கள் மகள் எந்தத் துறைக்குப் போனாலும், அல்பேர்ட்டாவில் தொழில் செய்தால், இப்படி ஒருவர் அவள் முன்னால் வந்து உட்காருவார். அந்த ஐந்து மணிநேரத்தை அவருக்கான செலவு என்று எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

பிள்ளை, ஒரு விசயம் விளங்கவில்லை. பூர்வகுடி என்றால் தண்டனையில் பாதி கழிவு என்கிறார்கள். எங்கட பெடியன் அதே பிழையைச் செய்தால் முழுசாக அனுபவிக்க வேணும். சட்டம் எல்லாருக்கும் ஒன்று என்று சொல்லித்தானே எங்களுக்குக் குடியுரிமை தந்தவை?
ஓய்வுபெற்ற ஆசிரியர், ஸ்காபரோ

வணக்கம் மாஸ்டர். நீங்கள் சொல்வது ‘கிளாடூ’ தீர்ப்பு. கழிவு கொடுத்த வழக்கு என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த வழக்கில் கழிவே கிடைக்கவில்லை என்பது தெரியுமா?

1995இல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் நனைமோவில், கிளாடூ என்ற கிறீ இன இளம்பெண் தன் துணைவரைக் குத்தினார், அவர் இறந்துவிட்டார். மூன்று வருடச் சிறை. அவர் நகரத்தில் வாழ்கிறார், பூர்வகுடிகளுக்கென ஒதுக்கிய நிலமான ஒதுக்கிடத்தில் இல்லை, ஆகையால் பூர்வகுடிப் பின்னணியைப் பார்க்கத் தேவையில்லை என்று விசாரணை நீதிபதி சொன்னார். 1999இல் உச்ச நீதிமன்றம் அது தவறு என்றது: எங்கே வாழ்ந்தாலும் பின்னணியைப் பார்க்க வேண்டும். ஆனால் குற்றத்தின் கடுமையைப் பார்த்து, அந்த மூன்று வருடத்தில் கை வைக்கவில்லை.

நீதிமன்றம் விளக்கிய பிரிவு 1996இல் குற்றவியல் சட்டக்கோவையில் சேர்ந்தது. அதில் இரண்டு பாதி இருக்கிறது. எந்தக் குற்றவாளியானாலும், சிறையைத் தவிர்த்து நியாயமான வேறு வழி உண்டா என்று நீதிபதி பார்க்க வேண்டும் என்பது முதற்பாதி. பூர்வகுடியினர் விடயத்தில் அவர்களின் நிலைமையை விசேடமாகக் கவனிக்க வேண்டும் என்பது இரண்டாவது. முதற்பாதி எங்கட பெடியனுக்கும் உரியதுதான் மாஸ்டர். அவனுடைய சட்டத்தரணி அதைக் கேட்காவிட்டால் அவரைத்தான் பிடிக்க வேண்டும்.

கழிவு என்றால் சிறையில் அவர்களின் தொகை குறைந்திருக்க வேண்டுமே? கிளாடூ தீர்ப்பு எழுதப்பட்டபோது, சனத்தொகையில் 3 வீதமான அவர்கள் மத்திய சிறைகளில் 12 வீதம் என்று நீதிமன்றமே குறித்தது. சனத்தொகையில் 5 வீதம், மத்திய சிறைகளில் 32 வீதம் என்று 2022இல் கணக்கு வந்தது. பெண்களை மட்டும் எடுத்தால் சிறையில் இருப்பவர்களில் ஏறத்தாழப் பாதி. என்ன கழிவு இது?

தீர்ப்புப் புத்தகத்தில் இருக்கிறது, சட்டத்தரணியின் வாயில் வருவதில்லை என்பதுதான் என் அனுபவம். 2012இல் ‘இப்பீலீ’ வழக்கில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் சொல்ல வேண்டி வந்தது: வதிவிடப் பாடசாலை, இடப்பெயர்வு, குடியேற்ற வரலாறு எல்லாவற்றையும் நீதிபதிகள் கணக்கில் எடுக்கவே வேண்டும், அதனால்தான் இந்தக் குற்றம் நடந்தது என்று கயிறு கட்டி நிரூபிக்கத் தேவையில்லை. ஆனால் இந்த மனிதருக்கு என்ன நடந்தது என்பதைக் கொண்டுவந்து வைப்பது சட்டத்தரணியின் வேலை.

அதை எப்படிக் கேட்பது? ஒரு காட்சி சொல்கிறேன். வடக்கே ஒரு சிறிய ஊர். நீதிமன்றம் அங்கே எப்போதாவது ஒரு நாள்தான் கூடும். நீதிபதி, அரச சட்டத்தரணி, எழுதுவினைஞர் எல்லோரும் நகரத்திலிருந்து வாகனத்தில் போய் இறங்குவோம். சமூக மண்டபத்தின் ஒரு மூலையில், மடக்குக் கதிரையில், எங்கள் அலுவலகத்து இளம் சட்டத்தரணி ஒருவர் ஐம்பது வயது மனிதரிடம் படிவத்தை வைத்துக்கொண்டு கேட்கிறார். “வதிவிடப் பாடசாலையில் படித்தீர்களா?” “இல்லை.” “குடும்பத்தில் குடிப்பழக்கம்?” “இல்லை.” “பிள்ளைகள் நலத் திணைக்களம் உங்களை எடுத்ததா?” தலை குனிந்தபடியே இன்னொரு இல்லை. படிவம் நான்கு நிமிடத்தில் முடிந்தது. எல்லாம் இல்லை.

நான் கோப்பி வாங்கிக்கொண்டு பக்கத்தில் போய் இருந்தேன். வந்த பாதை, பனி, இந்த முறை மூஸ் வேட்டை எப்படி என்று கொஞ்சம் கதைத்தோம். பிறகு, “சின்னனில் யாரிடம் வளர்ந்தீர்கள்?” என்று கேட்டேன். அம்மம்மாவிடம் என்றார். அம்மா? “அவவுக்குப் பிள்ளை தூக்கத் தெரியாது.” ஏன் தெரியாது? “அவவை ஆறு வயதில் கொண்டுபோய்விட்டார்கள். பதினாறில்தான் வந்தவ.” அதற்குப் பிறகு அவரே சொல்லத் தொடங்கினார். அன்றைக்குத் தண்டனை விசாரணையைத் தள்ளிவைக்கக் கேட்டு, அவருடைய பின்னணி பற்றிய முழு அறிக்கை எடுத்தோம்.

அந்த இளம் சட்டத்தரணி கெட்டிக்காரர், நல்ல மனம் உள்ளவர். கேள்வியில் பிழையில்லை. படிவத்தைக் கையில் வைத்திருக்கும் ஆளிடம் அந்த மனிதரின் குடும்பம் மூன்று தலைமுறையாக என்ன அனுபவித்தது என்பதை அவர் யோசிக்கவில்லை. எங்கள் சனத்துக்கும் இது தெரியாததல்ல. அகதி விசாரணையில் தலையைக் குனிந்துகொண்டு பதில் சொன்னதற்காக ‘நம்பத்தகுந்தவர் அல்ல’ என்று எழுதப்பட்டவர்கள் எங்களுக்குள் எத்தனை பேர்?

பூர்வகுடி மக்கள் வரியே கட்டுவதில்லை, படிப்பும் இலவசம் என்று என் மேலாளர் சொல்கிறார். உண்மையா?
பெயர் வேண்டாம், பிரம்ரன்

பெரும்பாலும் பொய். இந்தியர் சட்டத்தின் 87ஆம் பிரிவு, பதிவு பெற்ற அந்தஸ்துள்ளவர்களுக்கு, ஒதுக்கிடத்தில் உள்ள சொத்துக்கும் வருமானத்துக்கும் மட்டும் விலக்குத் தருகிறது. பூர்வகுடிகளில் வேறு இரு பிரிவினரான இனுவிட், மெற்றி மக்களுக்கு அதுவும் இல்லை. ரொறன்ரோவில் வேலை செய்யும் பூர்வகுடி மனிதரின் சம்பளத்தில் உங்கள் சம்பளத்தைப் போலவே வெட்டு விழும். படிப்புக்கு உதவித்திட்டம் உண்டு, அது எல்லோருக்கும் கிடைப்பதில்லை. மேலாளரோடு வாக்குவாதப்பட வேண்டாம், இந்தப் பக்கத்தை வெட்டிச் சாப்பாட்டு அறையில் ஒட்டிவிடுங்கள்.

இந்தப் பாடநெறி மூளைச்சலவை என்று சட்டத்தரணிகளே எதிர்க்கிறார்களே? சீனாவிலிருந்து வந்த ஒரு சட்டத்தரணி வழக்குப் போட்டிருப்பதாகவும் வாசித்தேன். கட்டாய அரசியல் வகுப்பு என்றால் என்ன என்று எங்களுக்கும் தெரியும். உங்கள் மனச்சாட்சி என்ன சொல்கிறது?
பொறியியலாளர், எட்மன்ரன்

நல்ல கேள்வி. கோபம் இல்லாமல் கேட்டிருக்கிறீர்கள், அதற்கு நன்றி.

கட்டாய வகுப்பு என்றதும் உங்களுக்கு வரும் பயம் எனக்கும் உண்டு. எந்தப் பக்கத்துச் சரித்திரத்தைப் படித்தாலும் கேள்வி கேட்க முடியாத இடத்தில் நாமெல்லாம் இருந்திருக்கிறோம். ஆகவே அந்தச் சீனச் சட்டத்தரணியைப் பகிடி பண்ண மாட்டேன். ஆனால் இங்கே நடந்ததைப் பாருங்கள். 51 சட்டத்தரணிகள் கையெழுத்திட்டு, இப்படிக் கட்டாயப் பாடம் விதிக்கும் அதிகாரத்தையே சட்டச் சங்கத்திடமிருந்து எடுக்க வேண்டும் என்று கேட்டார்கள். 2023 பெப்ரவரி 6ஆம் திகதி விசேட கூட்டம் போட்டு வாக்கெடுத்தோம். எடுக்க வேண்டும் என்று 864 பேர், வேண்டாம் என்று 2,609 பேர். எதிர்த்தவர்கள் பத்திரிகையில் எழுதினார்கள், பேட்டி கொடுத்தார்கள், மறுநாள் வழமைபோல நீதிமன்றத்துக்கு வந்து தங்கள் கட்சிக்காரருக்காக வாதாடவும் செய்தார்கள். மூளைச்சலவை நடக்கும் ஊரில் இது நடக்காது.

வாடிக்கையாளரின் காசை எந்தக் கணக்கில் வைக்க வேண்டும் என்பதையும் சங்கம்தான் கட்டாயமாக்குகிறது. அதை யாரும் மூளைச்சலவை என்பதில்லை. உடன்படிக்கைகள் கனடாவின் அரசியலமைப்புச் சட்டத்தில் 1982 முதல் இருக்கின்றன. அரசியலமைப்பைப் படி என்று சட்டத்தரணியிடம் சொல்வதில் என்ன தவறு?

எதிர்ப்பவர்களிடம் நியாயமான ஒரு வாதமும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். பிரிட்டிஷ் கொலம்பியாவின் கட்டாயப் பாடத்தில், கம்லூப்ஸ் பாடசாலை வளவில் 215 பிள்ளைகளின் உடல்கள் கண்டுபிடிக்கப்பட்டதாக ஒரு வரி இருந்தது. 2021இல் அங்கே நடந்தது நிலத்தடி ராடார் சோதனை. புதைகுழிகளாக இருக்கக்கூடிய இடங்களைத்தான் அது காட்டியது. அந்த வரியைத் திருத்தக் கேட்டு 2024இல் சங்கக் கூட்டத்துக்கு வந்த தீர்மானம் தோற்றுப்போனது. நான் அந்த மாகாணத்தில் இல்லை. இருந்திருந்தால் திருத்தத்துக்கே கை உயர்த்தியிருப்பேன். சட்டத்தரணிகளுக்கான பாடத்தில் சாட்சியம் எவ்வளவோ அவ்வளவுதான் வசனமும் இருக்க வேண்டும். வதிவிடப் பாடசாலைகளில் இறந்த பிள்ளைகள் 4,000க்கும் மேல் ஆவணங்களில் ஏற்கெனவே இருக்கிறார்கள். உண்மை தன் காலில் நிற்கும்போது அதற்கு முட்டுக்கொடுக்கப் போய், மறுப்பவர்களுக்கு வாய் திறந்து கொடுக்கக் கூடாது.

என் முறைப்பாடு வேறு. ஐந்து மணிநேரம், ஒரே தடவை, வீட்டிலிருந்து. அது போதாது. கல்கரியில் 2019இல் தொடங்கிய பூர்வகுடி நீதிமன்றத்தில் அரை நாள் பின்வரிசையில் இருக்கச் சொல்லலாம். பக்கத்தில் சூற்றினா என்ற பூர்வகுடி மக்களின் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலிருந்து நடக்கிறது. வழக்குக்குப் பொருத்தமானால் சமாதானம் செய்பவர்கள் இரு பகுதியையும் கூட்டி வைத்துப் பேசி, செய்தவர் என்ன ஈடு செய்ய வேண்டும் என்று தீர்க்கிறார்கள். அதைக் கண்ணால் பார்த்த சட்டத்தரணிக்குப் பரீட்சை தேவையில்லை.

அப்புறம், நம் தொழிலின் வெட்கம் ஒன்றையும் பாடத்தில் சேர்ப்பேன். வதிவிடப் பாடசாலையில் துன்புறுத்தப்பட்டவர்களுக்கு நட்டஈடு தரும் திட்டத்தில் 38,000 பேர்வரை விண்ணப்பித்தார்கள். சட்டத்தரணிக் கட்டணத்துக்காக, நட்டஈட்டுத் தொகையின் 15 வீதத்துக்குச் சமமான காசை அரசே மேலதிகமாகக் கொடுத்தது. அதற்கு மேலும் கொள்ளையடித்தவர்கள், விண்ணப்பதாரிகளை வட்டிக்காரரிடம் மாட்டிவிட்டவர்கள், ஒரு தரமும் நேரில் பார்க்காமல் கோப்புகளைக் குவித்தவர்கள் இருந்தார்கள். சிலருடைய அனுமதி பறிபோனது. அல்பேர்ட்டாவும் இதில் பின்னுக்கு நிற்கவில்லை.

எங்கள் சங்கத்தின் பொங்கல் விழாவில், இது பூர்வகுடிகளின் நிலம் என்று சொல்லும் நில அங்கீகார உரை வாசிக்கிறோம். இணையத்தில் எடுத்த ஒரு பந்தி. யாரும் கேட்பதில்லை, அந்த நேரத்தில்தான் எல்லோரும் செருப்பைத் தேடுகிறார்கள். வைத்திருப்பதா, விடுவதா?
ஒரு செயலாளர், ஸ்காபரோ

வைத்திருங்கள், ஆனால் உங்கள் ஊருக்கு உரியதை வாசியுங்கள். நீங்கள் அனுப்பிய பந்தி ரொறன்ரோ நகர மையத்துக்கான 13ஆம் உடன்படிக்கையை மட்டும் சொல்கிறது. உங்கள் மண்டபம் இன்னும் கிழக்கே, வில்லியம்ஸ் உடன்படிக்கைகளின் பக்கம்.

யாழ்ப்பாணத்துச் சனத்துக்குக் காணிக் கதை சொன்னால் செருப்பை மறந்துவிட்டுக் கேட்பார்கள். 1787இல் மிசிசாகா மக்களின் தலைவர்களைக் கூட்டி, ரொறன்ரோவை வாங்கிவிட்டோம் என்றார்கள் பிரிட்டிஷார். கொடுத்த சாமான்களில் 120 முகம் பார்க்கும் கண்ணாடி, 24 லேஸ் தைத்த தொப்பி, 96 கலன் றம் எல்லாம் உண்டு. பிற்காலத்தில் உறுதியை எடுத்துப் பார்த்தால் அது வெறும் தாள். எல்லையும் இல்லை, அளவும் இல்லை. தலைவர்களின் அடையாளங்கள் தனித் துண்டுகளில் இருந்து வெட்டி ஒட்டப்பட்டிருந்தன. எந்த நொத்தாரிசும் இதற்குச் சாட்சி வைக்க மாட்டார். அதை மூடி மறைக்க 1805இல் இன்னொரு உறுதி எழுதினார்கள்: இரண்டரை இலட்சம் ஏக்கர், விலை பத்துச் சிலிங். 2010இல்தான் மத்திய அரசு 145 மில்லியன் டொலர் கொடுத்து அந்த வழக்கைத் தீர்த்தது.

உங்கள் பக்கத்துக் கதை 1923. ஏழு பூர்வகுடி மக்களோடு செய்த வில்லியம்ஸ் உடன்படிக்கைகளில் அவர்களின் வேட்டை, மீன்பிடி உரிமையும் போய்விட்டது என்று அரசு பல பத்தாண்டுகளாகச் சாதித்தது. 2018இல் 1.1 பில்லியன் டொலர் இணக்கமும் பகிரங்க மன்னிப்பும் வந்தன, உரிமையும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. இதை நான்கு வரியில் தமிழில் சொல்லுங்கள். அந்த ஏழு பெயரையும் உச்சரிக்கப் பழகுங்கள். நம் பெயரை மற்றவர்கள் சிதைக்கும்போது எப்படிப் பொருமுகிறோம்!

சட்டபீடம் முதலாம் வருடம். பாட்டையும் சாட்சியமாக ஏற்கலாம் என்று பேராசிரியர் சொன்னார். செவிவழிச் சாட்சியம் செல்லாது என்று அடுத்த வகுப்பில் சொல்கிறார்கள். எது சரி, அக்கா?
மாணவி, ஒற்றாவா

இரண்டும். உங்கள் பேராசிரியர் சொன்னது டெல்கமூக் வழக்கு. பிரிட்டிஷ் கொலம்பியாவில் கிட்சன், வெட்சுவெட்டன் என்ற பூர்வகுடி மக்கள் தங்கள் நிலத்தைக் கேட்டுப் போட்டது, 374 நாள் நடந்தது. மேரி ஜோன்சன் என்ற கிட்சன் மூதாட்டி, தன் குலத்துக்குரிய துயரப் பாட்டைப் பாடித்தான் சாட்சியத்தை முடிக்க முடியும் என்றார். எழுதித் தந்தால் போதாதா, எனக்குப் பாட்டு ஏறாது, காது தகரம் என்றார் நீதிபதி. அவர் பாடினார். 1991இல் வழக்குத் தோற்றது.

1997இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளி, புதிய விசாரணைக்கு உத்தரவிட்டது. எழுத்தில்லாத மக்களின் வாய்மொழி வரலாற்றுக்கு நிறையே கொடுக்காவிட்டால் அவர்கள் ஒருபோதும் எதையும் நிரூபிக்க முடியாது. ஆகவே அதை ஆவணச் சாட்சியத்துக்குச் சமமாக வைத்து எடைபோட வேண்டும் என்றது. செவிவழி விதி மற்ற வழக்குகளில் அப்படியே இருக்கிறது. தகரக் காது நீதிபதியையும் பரீட்சையில் எழுதுங்கள், ஒரு புள்ளி கூடும்.

என் மகன் விக்ரோறியாப் பல்கலைக்கழகத்தில் பூர்வகுடிச் சட்டமும் சேர்த்து இரண்டு பட்டம் படிக்கப் போகிறானாம். அவர்களுக்கென்று என்ன சட்டம் இருந்தது? பிறகு வேலை கிடைக்குமா?
ஒரு தகப்பன், சரே

அண்ணா, நீங்கள் ஊரில் காணி வாங்கியிருந்தால், பங்காளியிடம் முதலில் கேட்டீர்களா என்று யாராவது தடுத்திருப்பார்கள். அது தேசவழமை. ஒல்லாந்த அதிகாரி ஒருவர் 1707இல் தொகுத்து, பன்னிரண்டு முதலிமார் பார்த்துச் சரி என்ற பிறகு ஏட்டில் ஏறியது. அதற்கு முன்னால் எங்களிடம் சட்டம் இல்லாமல் இருந்ததா? ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அதை நீதிமன்றத்தில் ஏற்றுக்கொண்டார்கள், அதனால் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. இங்கே கிட்சன் மக்களுக்கும் யார் எந்த ஆற்றில் மீன் பிடிக்கலாம், தலைவரின் பெயர் யாருக்குப் போகும் என்பதற்கெல்லாம் சட்டம் இருந்தது. அதை நடத்திய கூட்டத்தையே, பொட்லாச் என்ற பெருவிருந்தை, 1885 முதல் 1951 வரை தடை செய்து வைத்தார்கள்.

விக்ரோறியாவின் திட்டம் 2018இல் தொடங்கியது, நான்கு வருடம். சொத்துச் சட்டத்தைக் கிட்சன் சட்டத்தோடு சேர்த்துப் படிப்பிக்கிறார்கள். கடைசி இரண்டு வருடத்தில் பூர்வகுடி ஊர்களுக்கே போய் அங்குள்ள மக்களோடு வேலை செய்ய வேண்டும். மகன் வீட்டுச் சாப்பாட்டுக்காரன் என்றால் இப்போதே சமைக்கப் பழக்குங்கள்.

வேலையைப் பற்றி யோசிக்க வேண்டாம். சுரங்கம், எண்ணெய்க்குழாய், மின்சாரம், மீன்பிடி என்று எதைத் தொட்டாலும் உங்கள் மாகாணத்தில் பூர்வகுடி மக்களோடு பேசாமல் ஒன்றும் நகராது. இரண்டு பக்கமும் தெரிந்த ஆளைத் தேடுகிறார்கள். வழமையான சட்டப் பட்டமும் கூடவே கையில் இருக்கும், கியூபெக் தவிர்ந்த மாகாணங்களில் அதைக்கொண்டு சட்டத்தரணியாக விண்ணப்பிக்கலாம். மற்றப் பிள்ளைகளைவிட ஒரு வருடம் கூடுதலாகக் கட்டணம் கட்ட வேண்டி வரும், அதை மட்டும் இப்போதே கணக்குப் பார்த்து வையுங்கள்.